நூற்று எண்பத்தாறு கடிதங்கள்

“எங்கே அமுக்கணும்னு மட்டும் சொல்லும்மா. மத்தது எனக்கு வேண்டாம்,” என்றார் சற்குணம்.

தில்ஷாத் காதில் மாட்டியிருந்த ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் நகர்த்தினார்.

“திரையில என்ன வந்திருக்கு சார்?”

“ஒரு பெட்டி.”

“பெட்டியில என்ன எழுதியிருக்கு?”

“என்னமோ எழுதியிருக்கு.”

“என்னமோன்னு எழுதியிருக்காது.”

சற்குணம் பெருமூச்சு விட்டார். அவருடைய கணினி மாடியில் இருந்தது. தில்ஷாத்தின் தொலைபேசி மேசை கீழே, வாசலை ஒட்டி. பெட்டியைப் படிப்பதற்காக மறுபடி பதினெட்டுப் படி ஏறினார்.

பிரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தது.

அவர் கீழே வந்து அதைச் சொல்லவில்லை.

•

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் செயற்கைக் கால் செய்து பொருத்தும் மையம் அது. ஓர் அறக்கட்டளை நடத்தியது.

சற்குணம் அங்கே இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பர். தோல் வார், திருகு, பிளாஸ்டர் தூள், எது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். ஐம்பத்து மூன்றாவது வயதில், கடிதப் பிரிவில் இருந்த பெண் கல்யாணமாகி வெளியூர் போய்விட, “நீங்களே பாத்துக்குங்க” என்று நிர்வாகி கணினியை அவர் தலையில் கட்டிவிட்டார்.

தில்ஷாத் தொலைபேசி ஆபரேட்டர். முப்பத்தொரு வயது. ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போயிருந்தது. அவர் மேசையிலும் ஒரு கணினி. திரையில் இருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். திரையை அவர் போடுவதே இல்லை. மவுஸ் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்ப் பாட்டில்.

மையத்தில் யாருக்குக் கணினியில் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போனார்கள். எல்லோரிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். என்ன எழுதியிருக்கு?

பாதிப் பேர் மறுபடி வரவில்லை.

சற்குணம் வராமல் இருக்க முடியாது. தினமும் கடிதம் போயாக வேண்டும்.

•

அவர் ஒரு நோட்டு வாங்கினார். ஒவ்வொரு வேலைக்கும் படி ஒன்று, படி இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டார்.

ஒரு காலையில் கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. பொத்தான்கள் இடம் மாறியிருந்தன.

நோட்டோடு இறங்கி வந்தார்.

“ஏழாவது படியைக் காணோம்மா.”

“ஏழுல என்ன இருந்துச்சு?”

“வலது மூலையில நீலமா ஒண்ணு இருக்கும். அதை அமுக்கணும். இப்ப அங்க ஒண்ணுமே இல்லை.”

“அதை அமுக்கினா என்ன ஆகும்?”

“எட்டாவது படி வரும்.”

தில்ஷாத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்தார். பிறகு கேட்டார்.

“மொத்தத்துல நீங்க என்ன செய்யப் போறீங்க சார்?”

சற்குணம் நோட்டைப் பார்த்தார். அதில் அது எழுதியிருக்கவில்லை. யோசித்தார்.

“ஒரு தாள்ல ரெண்டு பக்கமும் அச்சடிக்கணும்.”

“அப்ப அதைத் தேடுங்க. ஏழைத் தேடாதீங்க.”

“எங்கே தேடறது?”

“பிரிண்ட்னு போட்டிருக்கிற இடத்துல. கண்ட்ரோலும் P-யும் சேத்து அமுக்கினா அது வந்து நிக்கும். மேலயிருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு வரியா படிங்க. ரெண்டு பக்கம்னு எங்கயாவது எழுதியிருக்கும்.”

“நீ நேரா சொல்லிடலாமே.”

“எனக்கு நீலமும் தெரியாது, வலது மூலையும் தெரியாது. எழுதியிருக்கிறது மட்டும்தான் தெரியும்.”

அன்று அவர் தேடிக் கண்டுபிடித்தார். ஆனால் நாற்பது நிமிடம் ஆனது. மாலையில் வீட்டுக்குப் போகும்போது வாட்ச்மேனிடம், “அந்தப் பொண்ணுக்குத் திமிர் அதிகம்,” என்றார்.

•

இன்னொரு நாள் அச்சு வரவில்லை. பிரிண்ட் பொத்தானை அமுக்கினார். வரவில்லை. மறுபடி அமுக்கினார். கோபத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் பிரிண்டரின் ஒயர் சுவரில் செருகப்படாமல் இருப்பதைப் பார்த்துச் செருகினார். ஒரே கடிதம் பதினோரு தடவை வந்தது.

“அது மறக்காதா?” என்று கேட்டார் தில்ஷாத்திடம்.

“நீங்க சொன்னதை எல்லாம் வரிசையா வெச்சிருந்திருக்கு சார். நீங்கதான் மறந்துட்டீங்க.”

“நான் ஒண்ணுதான் கேட்டேன்.”

“பதினொண்ணு கேட்டிருக்கீங்க.”

•

ஒரு கடிதம் அவரை வாரக்கணக்கில் வதைத்தது. முதல் பக்கத்தில் செய்தி. இரண்டாவது பக்கத்தில் மையத்துக்கு வரும் வழி. முதல் பக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், இரண்டாவது பக்கம் நழுவி மூன்றாவது பக்கத்துக்குப் போய்விடும்.

“பென் டிரைவ்ல போட்டுக் கொண்டு வாங்க,” என்றார் தில்ஷாத்.

கொண்டு வந்தார். தில்ஷாத் ஹெட்போனைக் கழற்றி, கணினியை வெளியே கேட்கும்படி பேச வைத்தார்.

அது செய்தியைப் படித்து முடித்தது. பிறகு, “பிளாங்க்,” என்றது.

தில்ஷாத் கீழ் அம்பை அமுக்கினார்.

“பிளாங்க்.”

மறுபடி.

“பிளாங்க். பிளாங்க். பிளாங்க்.”

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சற்குணத்தின் காது சூடானது.

“என்னம்மா இது?”

“ஒண்ணுமில்லாத வரி. அடுத்த பக்கத்துக்குப் போறதுக்காக நீங்க தட்டின என்டர் எல்லாம். இன்னும் இருக்கு. கேளுங்க.”

மொத்தம் இருபத்து மூன்று. தில்ஷாத் ஒன்றைக்கூட விடவில்லை.

“போதும்மா,” என்றார் சற்குணம், பதினாறாவதில்.

“எனக்கு இது தினமும் கேக்குது சார். நீங்க எங்கிட்ட கொண்டு வர்ற ஒவ்வொரு கடிதத்துலயும்.”

பிறகு சொன்னார். “கண்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு என்டர். அடுத்த பக்கம் தனியா நிக்கும். மேல நீங்க என்ன சேத்தாலும் நகராது.”

சற்குணம் அதை நோட்டில் எழுதினார். எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது.

•

தை பிறந்ததும் நூற்று எண்பத்தாறு பேருக்குக் கால் தயாராகத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஆறு பேர் வீதம் முப்பத்தொரு நாள் பொருத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் எந்த நாள் வர வேண்டும் என்று கடிதம் போக வேண்டும்.

“இதைக் கையால ஒவ்வொண்ணா மாத்தினா நான் செத்துடுவேன்,” என்றார் சற்குணம்.

தில்ஷாத் மூன்று மதியங்கள் அவரோடு உட்கார்ந்தார்.

“கடிதம் ஒண்ணு சார். பட்டியல் ஒண்ணு. பேர் வர்ற இடத்துல, பட்டியல்ல இருக்கிற பேரை எடுத்துக்கோன்னு கடிதத்துக்கிட்ட சொல்லிடறோம். தேதி வர்ற இடத்துல தேதியை. நூத்தி எண்பத்தாறு வரி இருந்தா நூத்தி எண்பத்தாறு கடிதம் தானா வரும்.”

ஒவ்வொருவருக்கும் கால் அளவெடுத்து எழுதிய அட்டைகளைப் பார்த்து, பட்டியலை சற்குணமே அடித்தார். பெயரும் முகவரியும் மேலிருந்து கீழாக ஒரு வரிசை. எந்தக் கால் என்பது அடுத்த வரிசை. தேதி அதற்கடுத்து. முதல் கடிதம் முகவரியோடும் தேதியோடும் திரையில் வந்து நின்றபோது, அந்த வேலைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் சிரித்தார்.

“இனிமே ரெண்டு விஷயம்,” என்றார் தில்ஷாத். “பட்டியல்ல கை வைக்கிறதுக்கு முன்னால ஒரு நகல் எடுத்து வேற பேர்ல வைங்க. அச்சடிக்கிறதுக்கு முன்னால ஒரு அஞ்சு கடிதத்தையாவது அளவு அட்டையோட ஒப்பிட்டுப் பாருங்க.”

“சரிம்மா, சரி.”

அவர் அப்போதே எழுந்துவிட்டிருந்தார்.

•

மறுநாள் நிர்வாகி மாடிக்கு வந்தார். தபால் பதிவேட்டில் பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் தேட வசதி என்றார். இன்று மாலைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

சற்குணம் பெயர் வரிசையைத் தேர்ந்தெடுத்து, அகர வரிசைப் பொத்தானை அமுக்கினார்.

ஒரு பெட்டி வந்தது.

படி இறங்க நேரமில்லை. உள் தொலைபேசியை எடுத்தார்.

“பெட்டி வந்திருக்கும்மா.”

“என்ன எழுதியிருக்கு சார்?”

சற்குணம் பெட்டியைப் பார்த்தார். ஆங்கிலத்தில் மூன்று வரி. கீழே இரண்டு வட்டம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னும் நாலு சொல். நிர்வாகி வாசலில் நின்றபடி மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நூறு தடவை இதையே கேக்கறியே. எதை அமுக்கணும்னு சொல்லேன்.”

“என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படிச் சொல்றது?”

சற்குணம் இரண்டாவது வட்டத்தைத் தொட்டார். சரி என்பதை அமுக்கினார். பெட்டி மறைந்தது. பெயர்கள் அழகாக அகர வரிசையில் வந்து நின்றன.

“ஒண்ணுமில்லை. போயிடுச்சு,” என்றார்.

“போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

தொலைபேசியை வைத்தார். பட்டியலைச் சேமித்தார். மூன்று மணிக்குள் நூற்று எண்பத்தாறு கடிதமும் தபாலுக்குப் போயிற்று.

•

ஒன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, செங்கோடன் என்பவர் கட்டைக்கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். ஈச்சங்காட்டு வளவு என்ற சிற்றூரிலிருந்து மூன்று பேருந்து மாறி வந்ததாகச் சொன்னார்.

கால் பொருத்துகிற இன்னாசி தன் அட்டைகளைப் புரட்டினார். செங்கோடன் பெயர் அன்றைய ஆறு பேரில் இல்லை. அவருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கால் அச்சிலிருந்தே இன்னும் எடுக்கப்படவில்லை.

சற்குணத்தைக் கூப்பிட்டார்கள்.

அவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். தேதி அன்றைய தேதிதான். வலது கீழ்க்கால் என்று இருந்தது.

செங்கோடனுக்கு இல்லாதது இடது கால்.

“இதுல வலது காலுன்னு போட்டிருக்குதுங்க,” என்றார் செங்கோடன். “வலது காலு எனக்கு இருக்குதுங்க.”

“அது தெரிஞ்சுமா வந்தீங்க?”

“ஆபீஸ்ல இருந்து வந்த கடுதாசிங்களே. உங்களுக்குத் தெரியாததுங்களா.”

அதற்குள் வாசலில் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது. பிறகு இன்னொன்று. அன்று வந்த ஆறு பேரில் ஒருவர்கூட வர வேண்டியவர் இல்லை. வர வேண்டிய ஆறு பேரும் எங்கோ தங்கள் வீட்டில் வேறொரு தேதிக்காகக் காத்திருந்தார்கள்.

செங்கோடனைப் பேருந்து நிறுத்தம் வரை சற்குணம் கூட்டிப் போனார். ஏறும்போது பிடிக்கப் போனார். செங்கோடன் வேண்டாம் என்று கட்டைக்கோலை உள்ளே வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானே எகிறி ஏறினார்.

“வெயில்ல நிக்காதீங்க. போங்க,” என்றார், உட்கார இடம் தேடிக்கொண்டே.

•

சற்குணம் தில்ஷாத்தின் முன் வந்து நின்றார்.

“கண்ட்ரோல் இசட் அமுக்கினா பழையபடி வருமா?”

“சேமிச்சு மூடிட்டீங்களா?”

“மூடிட்டேன்.”

“நகல்?”

“எடுக்கலை.”

“அந்தப் பெட்டியில என்ன எழுதியிருந்துச்சு சார்?”

“தெரியாதும்மா. சத்தியமா தெரியாது.”

“பேரு வரிசைக்குப் பக்கத்துல வேற விவரமும் இருக்கு, அதையும் சேத்து அடுக்கவா, இல்ல பேரை மட்டும் அடுக்கவான்னு கேட்டிருக்கும். நீங்க பேரை மட்டும்னு சொல்லியிருக்கீங்க. பேர் எல்லாம் இடம் மாறிடுச்சு. காலும் தேதியும் இருந்த இடத்துலயே இருந்துடுச்சு.”

சற்குணம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“முன்னாடி வேற ஒரு பட்டியல்ல இதே பெட்டி வந்தப்ப முதல் வட்டத்தை அமுக்கினேன். மொத்தமும் நகந்துச்சு. பயந்துபோய் மூடிட்டேன். அதான் இந்தத் தடவை இன்னொண்ணை அமுக்கினேன். எதுவும் கலையக் கூடாதுன்னுதான்.”

வாசலில் தொலைபேசி மணி அடித்தது. தில்ஷாத் எடுத்து, பேசி, வைத்தார்.

“நீ அன்னைக்கே மாடிக்கு வந்திருந்தா, நான் உனக்குப் படிச்சுக் காட்டியிருப்பேன்,” என்றார் சற்குணம். சொன்ன பிறகு அவருக்கே அது நியாயமாகப் படவில்லை.

“வந்திருக்கலாம்,” என்றார் தில்ஷாத்.

சற்குணம் நிமிர்ந்து பார்த்தார்.

“பெட்டி தானா போகாது சார். எதையாவது அமுக்கினாத்தான் போகும். போயிடுச்சுன்னு நீங்க சொன்னதும் அது எனக்குத் தெரிஞ்சுது. எதை அமுக்கினீங்கன்னு கேட்டிருக்கணும். கேக்கலை. நீங்க விட்டாப் போதும்னு இருந்துச்சு.”

சற்குணம் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

“இன்னாசி அண்ணன்கிட்ட அளவு அட்டை இருக்குல்ல,” என்றார் தில்ஷாத். “அதுல போன் நம்பர் இருக்கும். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க.”

•

மூன்று நாள் ஆனது.

சற்குணம் அட்டையைப் படிப்பார். பெயர், ஊர், எந்தக் கால், எந்தத் தேதி, எந்த எண். தில்ஷாத் ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்துவார். பேசுவார். வைப்பார். அடுத்த அட்டை.

“மெதுவா சார். அது ஆறா, ஒன்பதா?”

“ஆறு.”

“பாத்துச் சொல்லுங்க.”

சற்குணம் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “ஒன்பது.”

சில எண்கள் பக்கத்து வீட்டுக்காரருடையவை. ஒன்று ரேஷன் கடையுடையது. அங்கே எடுத்தவர் தெருவில் இறங்கிக் கத்திக் கூப்பிட, ஆள் வந்து சேரும் வரை இருவரும் கடைக்குள் எடைக் கற்கள் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓர் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். “அவரு போன மாசம் தவறிட்டாருங்க. கடுதாசி வந்துச்சு, எடுத்து வெச்சிருக்கேன். அந்தக் காலு வேற யாருக்காச்சும் ஆகுங்களா?”

சற்குணம் அட்டையைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எவ்வளவு நீளம், சுற்றளவு எவ்வளவு என்று இன்னாசி பென்சிலால் குறித்திருந்தார்.

“கேட்டுச் சொல்றேன்மா,” என்றார் தில்ஷாத்.

அந்த அட்டையை சற்குணம் தனியாக வைத்தார்.

மதியங்களில் அவர் மாடிக்குப் போய், அட்டைகளை வைத்துப் பட்டியலைப் புதிதாக அடித்தார். நகல் எடுத்தார். கடிதங்களை அச்சடிக்கும் முன் அட்டையோடு ஒப்பிட்டார். தில்ஷாத் ஐந்து என்று சொல்லியிருந்தார். அவர் எல்லாவற்றையும் ஒப்பிட்டார். கடிதத்தின் வாசகத்தை அவர் தொடவில்லை. அதை அவர்தான் எழுதியிருந்தார், ஒரு வாரம் உட்கார்ந்து, பழைய கோப்புகளைப் பார்த்து. கெட்டுப்போனது பட்டியல்தான்.

வியாழன் மாலை ஒன்பது அட்டைகள் மீதம் இருந்தன. எண் இல்லாதவை, அடித்தும் மணி போகாதவை. ஒன்பதும் மலை ஊர்கள்.

“தபால்ல போட்டா எப்ப போய்ச் சேரும்?” என்றார் தில்ஷாத்.

“போட வேண்டாம்,” என்றார் சற்குணம். “நானே போறேன்.”

•

இரண்டு நாளில் எட்டுக் கடிதங்களைக் கொடுத்து முடித்தார். ஒன்பதாவது பாவாயி என்பவருக்கு. தவறாகப் போன கடிதத்தின்படி அவர் திங்கட்கிழமை மையத்துக்குக் கிளம்பிவிடுவார். அன்று ஞாயிறு.

கடைசிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து இரண்டு மைல் மேட்டில் ஏற வேண்டியிருந்தது. சற்குணம் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்து திரும்பிப் போனது.

பாவாயி வாசலில் பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தார். நாற்பத்தைந்து வயது. இடது காலைப் பாம்புக் கடிக்குப் பிறகு எடுத்திருந்தார்கள். உட்கார்ந்தபடியே கையை ஊன்றி நகர்ந்து, மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். உள்ளே கொடியில் ஒரு பை தயாராகத் தொங்கியது.

“நாளைக்கு வரவேண்டாம்மா,” என்றார் சற்குணம், மூச்சு வாங்க. “அந்தக் கடிதத்துல தப்பாயிடுச்சு. இதுதான் சரியானது.”

பாவாயி கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார்.

“படிச்சுச் சொல்லணுமா?” என்று கேட்டார் சற்குணம். “நான் வேணா படிக்கிறேன்.”

“எட்டாவது வரைக்கும் போயிருக்கேனுங்க.”

அவர் உதடு அசைய, விரலை வரியின் கீழே வைத்து, முதலிலிருந்து படித்தார். சற்குணம் திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்தார்.

பாவாயி கடைசி வரை படித்தார். மறுபடி மேலே போய், திரும்பவும் கடைசி வரை படித்தார்.

பிறகு கேட்டார். “நான் எந்தக் கெழமை வரணுங்க?”

சற்குணத்துக்கு எரிச்சல் வந்தது. இத்தனை மேடு ஏறி வந்திருக்கிறார்.

“அதுலயே இருக்குதும்மா. இப்பத்தானே படிச்சீங்க.”

“படிச்சனுங்க. எங்க இருக்குதுங்க?”

“கொடுங்க இப்படி.”

கடிதத்தை வாங்கினார். கண்ணாடியைச் சரி செய்தார். படிக்கத் தொடங்கினார்.

“பார்வையில் காணும் தங்களது விண்ணப்பத்தின் மீது, தொழில்நுட்பப் பிரிவின் பரிந்துரையின் பேரில், தங்களுக்கு ஒதுக்கீடு செய்யப்பட்டுள்ள இடது கீழ்க்கால் செயற்கை உறுப்பினை அளவு சரிபார்த்துப் பொருத்தும் பொருட்டும், அதனைத் தொடர்ந்து அளிக்கப்படவுள்ள நடைப்பயிற்சியின் பொருட்டும்...”

நிறுத்தினார். அடுத்த வரிக்குப் போனார்.

“மையத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மேற்படி பயனாளி ஆகிய தாங்கள், உதவியாளர் ஒருவருடன்...”

பாவாயி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்குணத்தின் விரல் தாளில் மேலும் கீழும் போனது. நூற்று எண்பத்தாறு தடவை அவர் அந்தத் தேதியை அட்டையோடு ஒப்பிட்டிருக்கிறார். அது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆறாவது வரியின் நடுவில், “தவறும்பட்சத்தில்” என்பதற்கு முன்னால். இருந்தும் விரல் ஒரு தடவை அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

அவர் தாளை மடித்தார்.

“வர்ற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய்க்கிழமை,” என்றார். “காலையில ஒன்பதரை மணிக்கு. உங்க இடது கால் தயாரா இருக்கும். ரெண்டு நாள் தங்கணும். துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வாங்க. சாப்பாடு நாங்க போட்டுடுவோம்.”

பாவாயி கேட்டுக்கொண்டார். அவர் கையில் மடிந்திருந்த தாளை ஒரு பார்வை பார்த்தார்.

“இத எழுதியிருக்கலாமுங்களே,” என்றார்.